திரும்பிவரும் வழி: கருவிவழி அணுகலும் 1974, 1978ஆம் ஆண்டுகளின் ஹஜ் விமான அழிவுகளும்

1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி இரவு பத்து மணி கடந்த வேளையில், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த டீசி-8 விமானம் ஒன்று, மஸ்கெலியாப் பகுதியிலுள்ள சப்தகன்னியர் மலைத்தொடரில் மோதிச் சிதறியது. ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் விமானப் பணியாளர் 9 பேருமாக அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 நவெம்பர் 15ஆந் திகதி இரவு, ஹஜ் கடமையை நிறைவேற்றிவிட்டு ஜித்தாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசிய யாத்திரிகர்களை ஏற்றிய மற்றொரு டீசி-8 விமானம் கட்டுநாயக்காவில் ஓடுபாதையை அடையுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர்.

இவ்விரண்டு நிகழ்வுகளும் இலங்கையின் விமானப் போக்குவரத்து வரலாற்றில் இடம்பெறுவன. ஆயின் அவற்றை விமானவியலாளரின் கைக்கு மட்டும் விட்டுவிடுதல் தகாது என்பது எமது கருத்து. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய கரையோர ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரும், எழுபதுகளின் பிற்கூற்றிலிருந்து மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் செல்வோரும் இதே கட்டுநாயக்கா ஓடுபாதையைத்தான் நம்பியிருக்கின்றனர். ஆகவே, ஒரு விமானம் இருளிலும் மேகத்திலும் எவ்வாறு நிலத்தைக் கண்டடைகின்றது, அவ்வழிமுறை யாரால் ஆக்கப்பட்டது, அது எவ்வெப்போது தவறுகின்றது என்னும் வினாக்கள் எமது மக்களின் வினாக்களே.

செயல்முறையும் அதன் தருக்கமும்

முதலில் செயல்முறையை நோக்குவோம். கண்ணாற் காணமுடியாத நிலையில், விமானி கருவிகளை மட்டும் கொண்டு ஓடுபாதையை அணுகுவதைக் கருவிவழி அணுகல் எனலாம். இதன் தொன்மையான வடிவம் எளிமையானது. விமான நிலையத்திலோ அதனருகிலோ ஒரு வானொலி வழிகாட்டி நிலையம் அமைந்திருக்கும். மலைகளுக்கு மேலான பாதுகாப்பான உயரத்தில் வரும் விமானம் அந்நிலையத்தின் நேர்மேலே வந்து சேரும். அக்கணத்தில் கருவியின் முள் திரும்பும். இதுவரை கணக்காக இருந்த 'எங்கே இருக்கின்றோம்' என்பது அக்கணத்தில் அறிவாகின்றது. அதன் பின்னரே இறக்கம் தொடங்கும்.

ஆனால் வழிகாட்டியின் மேலே வந்த விமானம் பெரும்பாலும் ஓடுபாதையின் திசைக்கு மாறான திசையில் பறந்துகொண்டிருக்கும். உயரமும் மிகையாக இருக்கும். ஆதலால் அது குறிப்பிட்ட திசையில் விலகிச் சென்று, குறிப்பிட்ட நேரம் பறந்து, திரும்பி, ஓடுபாதைக்கு நேரான கோட்டைப் பிடித்து வரவேண்டும். இதனை நாம் மீள்திருப்பம் என வழங்குவோம். இதில் ஒரு வகை, 45 பாகை விலகி, சிறிய விமானமாயின் ஒரு நிமிடமும் பெரிய விமானமாயின் ஒரு நிமிடம் 15 விநாடியும் பறந்து, பின் 180 பாகை எதிர்ப்புறம் திரும்பி மீள்வது. மற்றொன்று, 80 பாகை ஒருபுறமும் உடனே 260 பாகை மறுபுறமும் திரும்புவது. வழிகாட்டியிலிருந்து சாய்வான கோட்டில் வெளிச்சென்று ஒரே திருப்பத்தில் உள்வரும் முறையும் உண்டு.

முன்னே வேறு விமானங்கள் இருப்பின் அல்லது வானிலை தெளியவேண்டியிருப்பின், விமானம் வழிகாட்டியின் மேலேயே காத்திருப்புச் சுற்றில் நிற்கும். இச்சுற்று குதிரைப் பந்தயத் திடலின் வடிவினது. பொதுவிதிப்படி திருப்பங்கள் வலப்புறமானவை. 14,000 அடிக்கு மேற்படாத உயரத்தில் வெளிச்செல்லும் நேர்பகுதி ஒரு நிமிடம். அதற்கு மேல் ஒன்றரை நிமிடம். விநாடிக்கு மூன்று பாகை வீதம் திரும்பினால் அரைவட்டத்துக்கு ஒரு நிமிடம் செல்லும். ஆக, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடங்கள். சுற்றினுள் எவ்வாறு புகுவது என்பதும் விமானம் எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைப் பொறுத்து மூன்று வகையாக வரையறுக்கப்பட்டுள்ளது.

காற்றைப் பற்றிய விதி இன்னும் நுண்மையானது. திருப்பத்தின்போது காற்று விமானத்தைத் தள்ளுவதை விமானி உடனே ஈடுசெய்ய இயலாது. எனவே, வெளிச்செல்லும் நேர்பகுதியில், அப்பகுதிக்குரிய திருத்தத்தோடு இரண்டு திருப்பங்களுக்குரிய திருத்தத்தையும் சேர்த்து, ஏறத்தாழ மூன்று மடங்காகக் காற்றுக்கு எதிராக முகத்தை வைக்கின்றனர். பின்னர் செய்ய இயலாத திருத்தத்தை முன்கூட்டியே செய்துகொள்ளும் இவ்வழக்கம் தனியொரு மேதையின் கண்டுபிடிப்பன்று. பல்லாயிரம் பறப்புகளின் பட்டறிவு அதில் உறைந்துள்ளது.

உறைந்த உழைப்பாக ஒரு விதி

எமது கரையோரத்து மீனவர் இத்தருக்கத்தை அறியாதவரல்லர். அம்பாறைக் கரை திறந்த கரை. வாடைக் காலத்தில் அலை பெருகி உடையும்போது, கடலிலிருந்து மீளும் தோணி நேரே கரைக்குப் பாய்வதில்லை. அலை உடையும் கோட்டுக்கு வெளியே நின்று, கரையிலுள்ள அடையாளங்களைப் பார்த்துத் தன் இடத்தை உறுதிசெய்து, அலைகளுக்கிடையிலான தணிவு வரும்வரை காத்திருந்தே உள்நுழையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீணான நேரம். தோணியிலிருப்போருக்கு அதுவே உயிர். எப்போது நிற்பது, எங்கே நிற்பது என்பது தலைமுறை தலைமுறையாகக் கற்றுக் கையளிக்கப்பட்ட கூட்டறிவு.

விமானப் போக்குவரத்தில் இவ்வகைக் கூட்டறிவு சர்வதேச விதிகளின் வடிவம் பெற்றது. 1944 டிசெம்பர் 7ஆந் திகதி சிக்காகோவில் கைச்சாத்தான உடன்படிக்கையின் வழியே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு உருவாகியது. காத்திருப்புச் சுற்றின் அளவுகளும் மீள்திருப்பத்தின் பாகைகளும் அதன் ஆவணங்களில் நாடுகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டன. அந்த எண்களை விமானிகளின், பொறியியலாளரின், வானொலித் தொழிலாளரின் உறைந்த உழைப்பு எனக் கொள்ளுதல் பொருந்தும். அவற்றுட் சில உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றவை.

ஆனால் இவ்வுழைப்பு இயங்குவது இலாபத்தை அச்சாகக் கொண்ட ஒரு தொழிலினுள். அங்கே ஒவ்வொரு சுற்றும் எரிபொருட் செலவு. ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் ஏறும் பணம். சுற்றிவந்து உறுதிசெய்வதற்கும் நேரே சென்று சேமிப்பதற்கும் இடையிலான இழுபறி தொழிலின் உள்முரண்பாடாகும்.

யாத்திரிகரை ஏற்றிச் செல்லும் தொழிலுக்கு இம்முரண்பாடு புதிதன்று. குடியேற்றவாதக் காலத்தில் கீழைத் தீவுகளின் ஹாஜிகளை ஜித்தாவுக்கு ஏற்றிச் சென்றவை 'கொங்சி தீகா' எனப்பட்ட மூன்று ஐரோப்பியக் கப்பற் கம்பனிகளின் கூட்டு. 1880இல் 'ஜெத்தா' என்னும் கப்பலின் ஐரோப்பிய அதிகாரிகள், அது மூழ்கிவிடும் என அஞ்சித் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட யாத்திரிகரை நடுக்கடலிற் கைவிட்டுச் சென்றனர். கப்பல் மூழ்கவில்லை, யாத்திரிகருடன் ஏடனுக்கு இழுத்துவரப்பட்டது. ஜோசப் கொன்ராட் 1900இல் வெளியிட்ட 'லோர்ட் ஜிம்' நாவலுக்கு இந்நிகழ்வே மூலம். அந்நாவலின் நாயகன் கைவிட்டுச் சென்ற அதிகாரியேயன்றிக் கைவிடப்பட்ட யாத்திரிகர் அல்லர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. விபத்துகளின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகின்றது. கருவியை இயக்கியவனின் மனப்போராட்டம் கதையாகின்றது. கருவியினுள் இருந்தோர் எண்ணிக்கையாகின்றனர்.

1974: நேர்கோடும் மலையும்

1974இல் வீழ்ந்த விமானம் ஒல்லாந்தின் மார்டின்எயார் நிறுவனத்தினுடையது; இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காகப் பறந்தது. தேசப்படத்தில் சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு நேர்கோடு இழுத்துப் பார்ப்போம். அக்கோடு பொத்துவிலுக்குத் தெற்கே, குமண–யால காட்டுக் கரையில் தீவினுள் நுழைகின்றது. பின்னர் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பைக் கடந்து, சப்தகன்னியர் மலையை ஒட்டிச் செல்கின்றது. அதாவது, கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரையிலுள்ள ஓடுபாதைக்கும் இடையே, 8,281 அடி உயரமான பீதுருதாலகாலையும் 7,359 அடி உயரமான சிவனொளிபாத மலையும் அடங்கிய மலைத்திரள் நிற்கின்றது. கிழக்கிலிருந்து வரும் எவருக்கும் இதுவே அடிப்படையான புவியியல் உண்மை.

விமானம் நான்கு மணிநேரத்துக்கு மேல் பெரும்பாலும் கடலின் மீது பறந்து வந்தது. அதன் இடத்தைக் கணித்தது டொப்ளர் கருவி. அக்கருவி தரைக்குச் சார்பான வேகத்தையும் பக்கவிலகலையும் அளந்து, கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே வருவது. கூட்டிவரும் எக்கணக்கிலும் போல அதிலும் சிறு பிழைகள் சேரும். அறியப்பட்ட ஓர் இடத்தில் அதனைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

கட்டுப்பாட்டு நிலையம் விமானத்தை முதலில் ஏறத்தாழ 8,400 அடிக்கும், பின்னர் 5,000 அடிக்கும், இறுதியாக 2,000 அடிக்கும் இறங்க அனுமதித்தது. விமான நிலையத்தின் நேர்மேலே வந்ததும், அல்லது அது கண்ணுக்குத் தெரிந்ததும் அறிவிக்குமாறு கேட்கப்பட்டது. அவ்வறிவிப்பு வரவேயில்லை. விமானம் ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் மலையில் மோதியது. அவ்விடத்திலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 40 கடல் மைல் மேற்கே இருந்தது.

விமானத்தின் இடம் தவறாக அறியப்பட்டமையால் அது பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியது எனவும், டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமை பிழையான விளக்கத்துக்கு இடமளித்தது எனவும் விசாரணை முடிவு கூறியது. 40 கடல் மைல் என்பது அவ்வகை விமானம் இறங்கிவரும் வேகத்தில் எட்டு முதல் பத்து நிமிடப் பறப்பு. காத்திருப்புச் சுற்றின் அளவையிற் கூறின், ஏறத்தாழ இரண்டு சுற்றுகளின் நேரம். மலைகளுக்கு மேலான உயரத்தை விடாது வந்து, வழிகாட்டியின் நேர்மேலே இடத்தை உறுதிசெய்து, கடற்பக்கமாக விலகித் திரும்பி இறங்கும் முழுமையான செயல்முறைக்குத் தேவைப்படும் நேரமும் ஏறக்குறைய அதுவே.

இங்கு மொழி ஆய்வாளராகிய நாம் ஒன்றைக் கவனிக்கின்றோம். '2,000 அடிக்கு இறங்கலாம்' என்பது அனுமதி வாக்கியம். அது, '2,000 அடிக்கு மேல் உமது பாதையில் மலையில்லை' என்னும் செய்தி வாக்கியம் அன்று. அனுமதிப்பவர் விமானியின் கணக்கை நம்புகின்றார். விமானி அனுமதியிலே தன் கணக்குக்கு உறுதி காண்கின்றார். ஒருவர் நம்பிக்கைக்கு மற்றவர் நம்பிக்கை சான்றாகும் இவ்வட்டத்தில் நிலத்தை அறிந்தவர் எவருமில்லை. 'நேர்மேலே வந்ததும் அறிவிக்க' என்னும் கோரிக்கையே அவ்வட்டத்தை உடைக்கக்கூடியதாக இருந்தது. அது நிறைவேறுமுன்னரே இறக்கம் தொடங்கிவிட்டது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய குறையெனக் கொள்ளலாகாது. இதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசெம்பர் 1ஆந் திகதி, உலகின் மிகச் செல்வமிக்க நாட்டின் தலைநகரருகே, டீ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் இலக்கப் போயிங் 727 விமானம் வேர்ஜினியாவின் மவுண்ட் வெதர் குன்றில் மோதி 92 பேர் மாண்டனர். அங்கும் சிக்கல் ஒரு சொற்றொடரின் பொருளே. 'அணுகலுக்கு அனுமதி' என்பதை 1,800 அடிக்கு உடனே இறங்கலாம் என விமானிகள் விளங்கிக்கொண்டனர். இடையிலுள்ள நிலத்தின் உயரத்தை விமானியே பார்த்துக்கொள்வார் எனக் கட்டுப்பாட்டு அமைப்பு கருதியது.

அதனினும் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஆறு வாரங்களுக்கு முன்னர் யுனைட்டட் நிறுவனத்தின் விமானமொன்று அதே இடத்தில் அதே தவறான விளக்கத்தால் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை ஏனைய நிறுவனங்களின் விமானிகளைச் சென்றடையவில்லை. உயிர்காக்கும் அறிவு ஒரு கம்பனியின் சுவருக்குள் நின்றுவிட்டது. கூட்டு உழைப்பில் விளைந்த அறிவு தனியுடைமையின் வரம்புக்குள் அடைபடும்போது நேர்வது என்ன என்பதற்கு இதனினும் துலக்கமான சான்று வேண்டியதில்லை. 1976இல், விமானிகள் தம் பெயர் வெளிப்படாமல் தவறுகளையும் தப்புதல்களையும் அறிவிக்கும் பொது அமைப்பொன்று அமெரிக்காவில் ஏற்பட்டமை, அறிவைப் பொதுவாக்க வேண்டிய தேவையை அத்தொழிலே ஏற்றுக்கொண்டமையைக் காட்டுகின்றது. நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களிற் பொருத்த வேண்டும் என்னும் கட்டளையும் அங்கு இவ்விபத்தின் விளைவாகவே பிறந்தது.

1978: இரண்டு அறிக்கைகள்

1978இல் வீழ்ந்த விமானம் ஐஸ்லாந்தின் லொப்ட்லெய்தர் நிறுவனத்தினுடையது. அதுவும் ஹஜ் காலத்துக்கென வாடகைக்கு அமர்த்தப்பட்டதே. எரிபொருள் நிரப்பிச் சுரபாயாவுக்குச் செல்வதற்காகக் கட்டுநாயக்காவில் இறங்க வந்தது. இம்முறை இடம் பற்றிய ஐயம் இல்லை. ஓடுபாதைக்கு வழிகாட்டும் கருவியும் ராடாரும் இருந்தன. விமானம் இறங்கவேண்டிய சரிவுக்குக் கீழே சென்றது.

இலங்கை அதிகாரிகளின் அறிக்கை, விமானிகள் வகுக்கப்பட்ட அணுகல் முறையைக் கைக்கொள்ளவில்லை எனவும், உயரத்தையும் இறங்கும் வீதத்தையும் துணைவிமானி உரத்துக் கூறத் தவறினார் எனவும், ஓடுபாதை தெரியாத நிலையில் உரிய உயரத்தில் மேலெழும்பி மீண்டும் சுற்றிவரத் தலைமை விமானி தவறினார் எனவும் கண்டது. ஐஸ்லாந்துத் தரப்பினரோ, தரையிறங்கு கருவியின் நிலையிலும் ராடார் வழிகாட்டலிலும் குறை கண்டனர்.

இவ்விரு அறிக்கைகளுள் எது முற்றிலும் சரியானது எனத் தீர்ப்பது எமது நோக்கமன்று. ஒவ்வொரு அரசும் தன் நிறுவனத்தைக் காத்து மற்றதன் மீது பழி காணும் இவ்வாசிப்பு முறையே ஆய்வுக்குரியது. 'மனிதத் தவறு' என்னும் முடிவு விசாரணையின் கடைசி வரியாகும்போது, அம்மனிதனை அவ்விடத்தில் அவ்வாறு நிறுத்திய கருவி, மொழி, வேலை ஒழுங்கு ஆகியவை விசாரணைக்குத் தப்பிவிடுகின்றன. மாறாக, எல்லாவற்றையும் 'அமைப்பின் தவறு' எனக் கூறி மனிதச் செயலின் பொறுப்பை மறுப்பதும் இயங்கியல் நோக்காகாது. சுற்றிவருதல் ஒரு மனிதன் எடுக்கவேண்டிய முடிவு. அம்முடிவை எளிதாக்குவதோ கடினமாக்குவதோ அமைப்பு.

காத்திருப்பின் மறுபக்கம்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். சுற்றுதல் எப்போதும் காப்பதில்லை. 1990 ஜனவரி 25ஆந் திகதி, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற அவியங்கா 52ஆம் இலக்க விமானம் வெவ்வேறு இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் காத்திருப்புச் சுற்றுகளில் நிறுத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து லோங் ஐலண்டில் வீழ்ந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். விமானிகள் 'முன்னுரிமை' கேட்டனர். 'அவசரநிலை' என்னும் விதிச்சொல்லைக் கூறவில்லை. ஆங்கிலம் அவர்களின் தாய்மொழியன்று. ஆளும் மொழியின் ஒரு சொல்லுக்கும் மற்றொரு சொல்லுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உயிர்களின் அளவினதாயிற்று.

1995 டிசெம்பர் 20ஆந் திகதி கொலம்பியாவின் காலி நகரருகே நேர்ந்தது இதற்கு மறுதலை. அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானம் நகரைக் கடந்து சென்று திரும்பி இறங்கத் திட்டமிட்டிருந்தது. நேரே இறங்கும் வாய்ப்பு வந்தபோது விமானிகள் அதனை ஏற்றனர். அவசரத்தில் கணினியில் 'ஆர்' என்னும் எழுத்தால் அழைத்த வழிகாட்டி தொலைவிலிருந்த வேறொன்றாக அமைந்தது. விமானம் மலையில் மோதி 159 பேர் மாண்டனர், நால்வரே தப்பினர்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், காத்திருப்பும் மீள்திருப்பமும் தம்மளவிற் புனிதமானவை அல்ல என்பது புலனாகும். உறுதியற்ற அறிவை உறுதியாக்கும் கருவியாக அமையும்போது அவை காக்கின்றன. நெரிசலின் சுமையைக் கடைசியாக வந்தவன் மீது இறக்கும் வரிசையாக மாறும்போது கொல்லவும் செய்கின்றன.

இன்றைய நிலையும் எமது துணிபும்

இன்று செய்மதி வழிகாட்டலால் மீள்திருப்பம் அருகி வருகின்றது. விமானம் எத்திசையிலிருந்து வரினும், வானிற் குறிக்கப்பட்ட புள்ளிகள் வழியே திரும்பி நேரே ஓடுபாதையின் கோட்டிற் சேர்கின்றது. நிலத்தின் உயரங்கள் விமானத்தின் கணினியிலேயே பதிந்துள்ளன. இது உண்மையான முன்னேற்றம். பழைய சுற்றுக்காக ஏங்குவதில் பொருளில்லை. ஆயினும் வடிவம் மறையினும் உள்ளடக்கம் மறையவில்லை. போர் நிகழும் பகுதிகளில் செய்மதிச் சைகைகள் குழப்பப்படுவதும் போலிச் சைகைகள் பரப்பப்படுவதும் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. தன் இடத்தைக் கருவி கூறுவதால் மட்டும் நம்பாமல் வேறொன்றால் ஒப்புநோக்கவேண்டும் என்னும் பழைய பாடம் மீண்டும் தேவைப்படுகின்றது.

1974இலும் 1978இலும் இத்தீவில் மாண்டோர் 374 பேர். அவர்களுட் பெரும்பாலோர் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு ஒரு கடமைக்காகப் புறப்பட்ட எளிய மக்கள். கடலால் எமது கரையோடு இணைந்த, மார்க்கத்தால் எமது ஊர்களோடு ஒன்றிய மக்கள். அவர்களை விதியின் பலியெனக் கூறி அமைதல் பக்தியாகலாம், வரலாறாகாது. அவர்கள் இறப்பிலிருந்து பெற்ற அறிவு எவர் கையில் இருக்கின்றது, அது எல்லோருக்கும் சென்றடைந்ததா என்று கேட்பதே வரலாற்றாசிரியரின் கடமை. நேர்மேலே வந்து, இடம் அறிந்து, திரும்பி, பின்னர் இறங்குதல் என்னும் ஒழுங்குக்கு ஆகும் எட்டு நிமிடத்தின் செலவைக் கணக்கிடுவோர் பலர். அச்செலவைப் பயணியின் உரிமையெனக் கோரும் குரல் பயணிகளிடமிருந்தே எழவேண்டும் என்பது எமது துணிபு.